மாஸ்டரிங்ல ப்ரீசெட் போட்டா சத்தம் ஏறுது, ஆனா பாட்டு கெட்டுப்போகுதே?

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா ஹெட்ஃபோன் வச்சு வீட்லயே பாட்டு பண்றேன், மிக்ஸிங் ஓரளவு கைக்கு வந்துடுச்சு, மாஸ்டரிங்தான் (மிக்ஸ் முடிஞ்ச பாட்டுக்கு கடைசியா போடற மெருகு) புதுசு. ஓசோன்ங்கற மாஸ்டரிங் சாஃப்ட்வேர்ல முன்னாடியே செட் பண்ணி வச்சிருக்க ப்ரீசெட்டை ஒவ்வொண்ணா தட்டிப் பாத்துட்டிருக்கேன். போட்ட உடனே சூப்பரா இருக்கு, மறுநாள் காலைல கேட்டா கிக் ட்ரம் அமுங்கிக் கெடக்கு, குரல்ல ச, ஷ வர்ற இடமெல்லாம் காதைக் குத்துது. அதே ப்ரீசெட்டை இன்னொரு பாட்டுக்குப் போட்டா கம்ப்ரஸர் (சத்தமான இடத்தை அமுக்கறது) ஒண்ணுமே செய்யாத மாதிரி இருக்கு. மொத பாட்டோட பீக் -1 டிபி கிட்ட வருது, ரெண்டாவது -10 கிட்ட. அதனாலயா? ப்ரீசெட் பக்கமே போகாதன்னு சிலர் சொல்றாங்க, ஆனா காலி செயின்ல (ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா எஃபெக்ட் போடற வரிசை) இருந்து நானே எல்லாம் போடற அளவுக்கு எனக்கு இன்னும் தெரியல. யாராவது கொஞ்சம் வெளக்குங்க.

பதில் 1

அதனாலதான் ப்ரோ, காரணத்தை நீங்களே புடிச்சிட்டீங்க. ப்ரீசெட் பண்ணவருக்கு உங்க பாட்டு எந்த லெவல்ல வரும்னு தெரியாது, அவர் கையில இருந்த பாட்டுக்கு ஏத்த மாதிரி த்ரெஷோல்டு, அதாவது கம்ப்ரஸர் அமுக்க ஆரம்பிக்கற லெவல், வச்சு சேவ் பண்ணிருப்பார். கணக்கா பாருங்க, த்ரெஷோல்டு -12, ரேஷியோ 2:1னு வச்சுக்கலாம். -1ல வர்ற பீக் த்ரெஷோல்டை 11 டிபி தாண்டுது, அதுல பாதி, அதாவது அஞ்சரை டிபி வரைக்கும் அமுக்கும். மாஸ்டரிங்ல அது ரொம்ப அதிகம், கிக் செத்துப்போறது அங்கதான். -10ல வர்ற பாட்டு வெறும் 2 டிபிதான் தாண்டும், 1 டிபி கொறைஞ்சா உங்க காதுக்கு எப்படித் தெரியும்?

அதனால ப்ரீசெட்டை லோட் பண்ணதும் கேக்க ஆரம்பிக்காதீங்க, மொதல்ல எவ்ளோ அமுக்குதுன்னு காட்டற கெயின் ரிடக்‌ஷன் மீட்டரைப் பாருங்க. பாட்டுல சத்தம் ஜாஸ்தியா இருக்க இடத்தை லூப்ல போட்டுட்டு, ஊசி 1, 2 டிபி மட்டும் அசையற வரைக்கும் த்ரெஷோல்டை மாத்துங்க, இல்லன்னா செயினுக்கு முன்னாடி ஒரு கெயின் ப்ளக்இன் போட்டு உள்ள போற லெவலை கொறைங்க, ரெண்டும் ஒண்ணுதான். இந்த ஒரு வேலையைச் செஞ்சாலே பாதி ப்ரீசெட் ஒழுங்கா நடந்துக்கும். ஈக்யூக்கு (பேஸ், ட்ரெபிள்னு தனித்தனியா ஏத்தி எறக்கறது) இந்தப் பிரச்சினை கெடையாது, எந்த லெவல்ல போனாலும் அது அதே அளவுதான் ஏத்தும் எறக்கும், ஆனா அவர் பாட்டுல 10 கிலோஹெர்ட்ஸ் கம்மியா இருந்திருக்கும், அதுக்கு 3 டிபி ஏத்திருப்பார், உங்க குரல் ஏற்கனவே பளிச்சுன்னு இருக்கு. அந்த ச, ஷ குத்தறதுக்கு மொதல்ல அந்த பேண்டையும், பளிச்சுன்னு ஆக்கற எக்ஸைட்டரையும்தான் சந்தேகப்படணும்.

பதில் 2

மேல சொன்னது எல்லாமே சரி. "போட்ட உடனே சூப்பரா இருக்கு"ன்னு எழுதிருக்கீங்க பாருங்க, எனக்கு அதைப் பத்திதான் சொல்லணும். சத்தம் கூடினா மனுஷ காதுக்கு பேஸும் ட்ரெபிளும் தூக்கலா கேக்கும், ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1933லயே அளந்து காட்டின விஷயம் இது. ப்ரீசெட் முதல்ல சத்தத்தைத்தான் ஏத்துது, நாம அதை நல்ல சவுண்டுன்னு நெனச்சுக்கறோம். நான் ஒரு முழு ஆல்பத்தை இப்படி ஏமாந்து பண்ணிட்டு அப்புறம் எல்லா பாட்டையும் திரும்பப் பண்ணேன், ரொம்ப வலிச்சுது, அதனாலதான் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்.

ஓசோன்ல சத்தத்தை சமமாக்கற கெயின் மேட்ச் பட்டன் இருக்கு, அதை ஆன் பண்ணிட்டு பைபாஸ் (ப்ரீசெட் இல்லாம) போட்டு மாத்தி மாத்தி கேளுங்க. சத்தம் ரெண்டுலயும் சமமா இருக்கும்போதும் ப்ரீசெட்தான் நல்லா இருக்குன்னு தோணினா வச்சுக்கலாம். அப்புறம் ஒவ்வொரு மாட்யூலா ஆஃப் பண்ணிப் பாருங்க. எது போனாலும் வித்தியாசமே தெரியலையோ, இல்ல போனதும் நிம்மதியா இருக்கோ, அதைத் தூக்கிடுங்க. என் அனுபவத்துல ஆறு மாட்யூல்ல ரெண்டு மூணுதான் மிஞ்சும். எனக்கு பேஸ், மிட், ட்ரெபிளைத் தனித்தனியா அமுக்கற மல்டிபேண்ட் கம்ப்ரஸர் என்ன பண்ணுதுன்னு காதுல புரிஞ்சதே இப்படி ஆஃப் பண்ணிப் பண்ணிக் கேட்டுதான், அந்த விஷயத்துல ப்ரீசெட் ஒரு நல்ல வாத்தியார். வேணாம்னு சொல்றவங்க பேச்சைக் கேக்காதீங்க.

பதில் 3

பீக் ஒரு அளவைத் தாண்டாம தடுக்கற லிமிட்டரையும் மறக்காம பாருங்க. சில ப்ரீசெட் -8 லஃப்ஸ் (பாட்டோட சராசரி சத்தத்தை அளக்கறது) வரைக்கும் தள்ளிடும். ஸ்பாட்டிஃபை நார்மல் செட்டிங்ல -14க்கு எறக்கித்தான் பாடும், அப்போ நீங்க ஏத்தின 6 டிபி போயிடும், அமுங்கின கிக் மட்டும் அப்படியே இருக்கும். அதனால -14க்கு வச்சுடுங்க.

பதில் 1

ஒரு சின்ன திருத்தம். -14ங்கறது அவங்க பாடற லெவல், நாம அங்கதான் மாஸ்டர் பண்ணணும்னு அர்த்தம் இல்ல. பாட்டு -10ல நல்லா மூச்சு விடுதுன்னா -10லயே விடுங்க. ட்ரூ பீக் சீலிங் (லிமிட்டர் பீக்கை விடற உச்ச அளவு) மட்டும் பொதுவா -1 வைங்க, எம்பி3, ஏஏசின்னு மாத்தும்போது பீக் கொஞ்சம் எகிறும். -14ஐ விட சத்தமான மாஸ்டருக்கு, அதாவது -10ல விட்டாலும், -2 வைக்கச் சொல்லி ஸ்பாட்டிஃபையே சொல்லுது.

கேட்டவர்

நேத்து நைட்டு உக்காந்து எல்லாத்தையும் செஞ்சு பாத்தேன். உள்ள போற லெவலை 7 டிபி கொறைச்சதும் மீட்டர் ஒன்றரைக்கு வந்துடுச்சு, கிக் திரும்பி வந்துடுச்சு!! ச, ஷ குத்தினது எக்ஸைட்டராலதான், ஆஃப் பண்ணதும் சரியாச்சு. கெயின் மேட்ச் போட்டதும் பாதி ப்ரீசெட்டை விட என் மிக்ஸே நல்லா இருக்குன்னு தெரிஞ்சுது, அதுல ரொம்ப சந்தோஷம். இப்போ ஈக்யூ, லைட்டா கம்ப்ரஸர், லிமிட்டர் மட்டும்தான் இருக்கு. ஸ்டீரியோ வைடனர் இருந்தா நல்லா விரிஞ்சு கேக்குது, வச்சுக்கவா?

பதில் 2

மோனோல (இடது, வலது ரெண்டையும் ஒண்ணாக்கி) போட்டு கேளுங்க. குரலோ பேஸோ மெலிஞ்சு போச்சுன்னா எடுத்துடுங்க, ஒரே ஸ்பீக்கர் இருக்க ஃபோன்ல கேக்கறவங்களுக்கு அப்படித்தான் கேக்கும். வச்சே ஆகணும்னா 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ விரிக்காதீங்க.