விம்பிள்டன் பார்த்தவங்க சொல்லுங்க: மனசை விட்டுப் போகாத ஒரே ஒரு தருணம்

நுங்கம்பாக்கம் பேஸ்லைன்

2023 ஆண்கள் ஃபைனல், மூணாவது செட், அஞ்சாவது கேம். அல்கராஸ் 3-1 முன்னிலை, ஜோகோவிச் சர்வீஸ். அந்த ஒரு கேம் 26 நிமிஷம் ஓடுச்சு. 13 டியூஸ், அதாவது 13 தடவை 40-40 சமநிலை. எதிராளியோட சர்வீஸ் கேமைப் பறிக்கிற வாய்ப்புதான் பிரேக் பாயிண்ட், அதுல ஏழாவதுலதான் அல்கராஸ் உடைச்சார். செட் 6-1ல முடிஞ்சதால, ஸ்கோரை மட்டும் பார்க்கிறவங்க அதை ஒண்ணுமில்லாத செட்டுன்னு நினைச்சுக்குவாங்க. பாதிக்கு மேல மேட்ச் அந்தக் கேமுக்குள்ளதான் இருந்துச்சு.

ஆனா மேட்ச் திரும்பின இடம் அது இல்லைங்கிறது என் கட்சி. ரெண்டாவது செட் 6-6 ஆகி, அதைத் தீர்க்கிற டைபிரேக்ல ஜோகோவிச் 6-5 முன்னிலை. செட் பாயிண்ட். அதுக்கு முன்னாடி கிராண்ட்ஸ்லாம்ங்கிற நாலு பெரிய போட்டிகள்ல வரிசையா 15 டைபிரேக் ஜெயிச்ச மனுஷன். பேக்ஹேண்ட் நெட்ல. அடுத்த பாயிண்ட், மறுபடியும் பேக்ஹேண்ட் நெட்ல. ஜோகோவிச் 6-7 பின்தங்கினார். அல்கராஸ் ஒரு பேக்ஹேண்ட் ரிட்டர்னை லைனை ஒட்டி அனுப்பி செட்டை எடுத்துட்டார். 2013 ஃபைனலுக்கு அப்புறம் சென்டர் கோர்ட்ல தோக்காதவர், தன்னோட மிக நம்பகமான ஷாட்ல ரெண்டு தடவை விட்டார். ஏன்னு இன்னும் யோசிச்சிட்டிருக்கேன். நேர்ல இருந்தவங்க யாராவது இருந்தா அந்த ரெண்டு பந்தும் எப்படி எழும்புச்சுன்னு சொல்லுங்க.

டூட்டிங் அக்கா

தம்பி, அந்த ரெண்டு பேக்ஹேண்டையும் டிவியில பாத்த ஆக்களுக்குத்தான் நல்லாத் தெரிஞ்சிருக்கும், ஸ்லோ மோஷனும் போட்டவை. ஃபைனலுக்கு நேரில போறதில பெரிய லாபம் இல்லை எண்டு நான் எப்பவும் சொல்லுறனான். நேரில போனால் மட்டும் கிடைக்கிற விஷயம் வெளிக் கோர்ட்டுகளில இருக்கு.

2010, 18ஆம் கோர்ட், இஸ்னர் - மாயூ. செவ்வாய் பின்னேரம் தொடங்கினது, வெளிச்சம் போய் நிப்பாட்டினவை. புதன் முழுக்க அஞ்சாவது செட். 47-47 இல ஸ்கோர்போர்ட் நிண்டு போச்சு, அதுக்கு மேல எண்ணுறதுக்கு அது தயாரிக்கப்படேல்லை. 59-59 இல திரும்பவும் இருட்டு. வியாழன் 70-68. மொத்தம் 11 மணித்தியாலம் 5 நிமிஷம். 782 கதிரை இருக்கிற சின்னக் கோர்ட் அது. கிரவுண்ட் பாஸ், அதாவது வெளிக் கோர்ட்டுகளுக்கான டிக்கெட், வைச்சிருந்த சனம் பக்கத்தில நிண்டு பாத்த சரித்திரம். இப்ப உது நடவாது, 2022 இல இருந்து கடைசி செட் 6-6 எண்டால் 10 பாயிண்ட் டைபிரேக்.

போக நினைக்கிற ஆக்களுக்குச் சொல்லுறன், கவனமாக் கேளுங்கோ. சவுத்ஃபீல்ட்ஸ் ஸ்டேஷனில இறங்கி நடந்தால் கால் மணித்தியாலம். லண்டன் டூட்டிங் பக்கத்தில தங்குற ஆக்களுக்கு 493 பஸ். அண்டைக்கே டிக்கெட் வாங்கிற வரிசை விம்பிள்டன் பார்க்குக்குள்ள. போன உடன ஊழியர் ஒராள் உங்களுக்குத் தேதியும் நம்பரும் போட்ட கார்ட் தருவார். ஆளுக்கு ஒண்டு. வராத கூட்டாளிக்கு இடம் பிடிச்சு வைக்கேலாது, ஒருத்தற்ற கார்டை இன்னொருத்தருக்குக் குடுக்கவும் ஏலாது. சாப்பாட்டுக்கோ கழிவறைக்கோ போனால் அரை மணித்தியாலத்துக்குள்ள திரும்பி வரவேணும்.

சென்டர், 1, 2 எண்ட மூண்டு கோர்ட்டுக்கும் வரிசையில வாறவைக்கு நாளுக்கு ஏறக்குறைய 500, 500 டிக்கெட். கடைசி நாலு நாளும் சென்டர் கோர்ட் வரிசையில இல்லை. அந்த 500க்குள்ள வர விரும்பினால் முந்தின நாள் பின்னேரமே கூடாரத்தோட போகவேணும். ரெண்டு பேர் படுக்கிற கூடாரத்துக்கு மேல விடமாட்டினம். நெருப்பு மூட்டக் கூடாது. இரவு 10 மணிக்குப் பிறகு சத்தம் இல்லை. விடிய அஞ்சுக்கும் ஆறுக்கும் இடையில எழுப்புவினம், கெதியாக் கூடாரத்தைச் சுருட்டி, சாமான் வைக்கிற இடத்தில குடுத்துப்போட்டு நெருங்கி நிக்கவேணும். பேந்து ஊழியர் ஒவ்வொருத்தருக்கும் கைப்பட்டி கட்டிவிட்டுக்கொண்டு வருவினம், எந்தக் கோர்ட் எண்டு அப்ப தெரிஞ்சிடும். 10 மணிக்கு வாசல் திறக்கும், 11க்கு வெளிக் கோர்ட், 1 மணிக்கு முதலாம் கோர்ட், ஒண்டரைக்கு சென்டர்.

கிரவுண்ட் பாஸ் மட்டும் காணும் எண்டால் இரவு படுக்கத் தேவையில்லை. முதல் கிழமையில விடிய 6 மணிக்கு முன்னம் போய்ச் சேருங்கோ.

கனபேர் பிழை விடுறது பையில. ஆளுக்கு ஒரு பை, 40 x 30 x 30 சென்டிமீட்டருக்குள்ள. பெட்டி மாதிரி கெட்டியான கூலர் விடமாட்டினம். சாப்பாடு கொண்டு போகலாம், அதைத் தடுக்கிறேல்லை. டூட்டிங்கில ரோல்ஸும் வடையும் வாங்கிக்கொண்டு போங்கோ, ஆறினாலும் சாப்பிடலாம். ஜூலை எண்டாலும் புல்லில விடியப்புறம் பனி, கூடாரத்துக்குக் கீழ தண்ணி ஊறாத விரிப்பு ஒண்டு கட்டாயம். போனுக்கு பவர்பேங்க், கையில கார்ட். முந்தின நாள் இரவே விம்பிள்டன் ஆப்பில பேரைப் பதிஞ்சு வையுங்கோ, விடியப்புறம் அந்தச் சனத்துக்குள்ள பாஸ்வேர்ட் தேடிக்கொண்டு நிக்காதேங்கோ.

ஒற்றைக்கை பேக்ஹேண்ட்

அக்கா சொன்னதுல ஒண்ணு சேர்க்கணும். 18ஆம் கோர்ட்டுக்கும் 12ஆம் கோர்ட்டுக்கும் உள்ள போக கோர்ட் வாசல்லயும் ஒரு வரிசை இருக்கு. ஆட்டக்காரங்க பக்கம் மாறுறப்போ மட்டும்தான் ஆளை விடுவாங்க. ஒருத்தர் எழுந்து போனாத்தான் அடுத்தவர். அதனால பிடிச்ச மேட்ச் மூணாவதுன்னா, ரெண்டாவது மேட்ச் நடுவுலயே உட்கார்ந்துடணும். அது முடிஞ்சதும் பாதிப் பேர் எழுந்து போவாங்க, அப்ப முன்வரிசைக்கு நகர்ந்துக்கலாம்.

கோர்ட்டுகள் வடக்கு தெற்கா போட்டிருக்கு. அதனால சாயங்காலம் மேற்கு வெயில் கிழக்குப் பக்கம் உட்கார்ந்தவங்க முகத்துல அடிக்கும். தொப்பி இல்லாம கிழக்குப் பக்கம் உட்காராதீங்க.

புல்தரை

எல்லாரும் ஷாட்டைப் பத்தியே பேசறீங்க. அந்த ரெண்டு பந்தும் எப்படி எழும்புச்சுன்னு கேட்டவர் பாதியைத் தொட்டுட்டார். மீதிப் பாதி காலுக்குக் கீழே.

எனக்கு மறக்காதது 2021 ஜூன் 29. செரீனா வில்லியம்ஸ், முதல் ரவுண்ட், சஸ்னோவிச்சுக்கு எதிரா. முதல் செட்டே முடியலை. பேஸ்லைன்கிட்ட கால் வழுக்குச்சு, அழுதுகிட்டே சர்வீஸ் போட்டாங்க, அப்புறம் முடியலைன்னு கைகொடுத்துட்டு வெளியேறினாங்க. அதே கோர்ட், அதே நாள், அதுக்கு முந்தின மேட்ச்ல மன்னாரினோவும் வழுக்கி விழுந்து ஃபெடரருக்கு விட்டுக்கொடுத்தார். ஒரே நாள்ல ரெண்டு பேர். எல்லாரும் துரதிர்ஷ்டம்னு சொன்னாங்க. காரணம் தெளிவா இருக்கு.

சென்டர் கோர்ட் புல் 2001லேர்ந்து முழுக்க ரை புல். அதுக்கு முன்னாடி எழுபது பங்கு ரை, முப்பது பங்கு ஃபெஸ்க்யூங்கிற வேற வகைப் புல். 8 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டுறாங்க. முதல் திங்கள், செவ்வாய்ல அது யாரும் மிதிக்காத பச்சைப் புல். இலைக்குள்ள ஈரம் இருக்கும். ஷூ அடியில நசுங்குறப்போ அந்தச் சாறுதான் வழுக்குது. வெயில் அடிச்சா காய்ஞ்சுடும். அன்னைக்கு மழை, கூரையை மூடி ஆட்டம். மூடின கூரைக்குக் கீழே வெயிலும் இல்லை, காத்தும் இல்லை, அவ்வளவு பேர் விடுற மூச்சு வேற. புல் காயவே இல்லை.

ரெண்டாவது வாரம் பாருங்க, பேஸ்லைன் ஓரம் புல்லே இருக்காது. வெறும் கெட்டி மண். அப்ப கால் பிடிக்கும், பந்து கொஞ்சம் மேலே எழும்பும், ரேலி நீளும். 2023 ஃபைனல்ல 26 நிமிஷக் கேம் நடந்ததுக்கு அந்த மண்ணும் ஒரு காரணம். அதே ரெண்டு பேர் முதல் திங்கள் ஆடியிருந்தா சர்வீஸ் போடுறவர் அந்தக் கேமை சீக்கிரமே முடிச்சிருப்பார்.

நேர்ல போறவங்க முதல் நாள் சைடுல உட்கார்ந்து கால்களை மட்டும் ஒரு செட் முழுக்கப் பாருங்க. புல்லு தெரிஞ்சவர் சின்னச் சின்ன அடியா வைப்பார், நின்னு திரும்புவார். களிமண் கோர்ட்ல வளர்ந்தவர் சறுக்கிப் போய் அடிக்கப் பார்ப்பார், அவருக்குத்தான் ஆபத்து.

நுங்கம்பாக்கம் பேஸ்லைன்

புல்தரை ஐயா, மண்ணைப் பத்திச் சொன்னது சரி. ஆனா 13 டியூஸுக்குக் காரணம் மண்ணுன்னா, அன்னைக்கு மத்த கேம் எல்லாம் ஏன் அப்படிப் போகலை? முதல் செட் 6-1. அதே கோர்ட், அதே மத்தியானம். ரிட்டர்ன்ல அல்கராஸ் எங்கே நின்னார்னு பார்க்காம மண்ணை மட்டும் சொல்ல முடியாது.

மேட்டுல இருந்து

சண்டை நல்லாதான் இருக்கு. நடுவுல ஒரு உபயோகமான விஷயம்.

கிரவுண்ட் பாஸ்ல போய், வளாகத்துக்குள்ள இருக்கிற ஹென்மன் மேட்டுல பெரிய திரையைப் பார்த்துட்டுத் திரும்பிடாதீங்க. சென்டர் கோர்ட்லேர்ந்து சீக்கிரம் கிளம்புறவங்க டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துட்டுப் போவாங்க. சாயங்காலம் 3 மணிலேர்ந்து அதை மறுபடி விப்பாங்க. 1954லேர்ந்து இருக்கிற ஏற்பாடு, பணம் தர்ம காரியத்துக்குப் போகுது. இப்ப வரிசையில கால்கடுக்க நிக்க வேண்டாம், உள்ள இருந்துகிட்டே ஆப்ல பேர் போட்டா போதும். முறை வந்ததும் மேட்டுக்கு மேலே இருக்கிற சாவடிக்குப் போய் வாங்கணும். கூப்பிட்டும் போகலைன்னா இடம் போயிடும், அதனால அந்த நேரத்துல கோடியில இருக்கிற கோர்ட்ல மாட்டிக்காதீங்க.

அஞ்சு மணிக்கு மேல நிறைய டிக்கெட் வரும். முதல் வாரத்துல சென்டர்ல மூணாவது மேட்ச் அப்பதான் சூடு பிடிக்கும். ஆனா இரவு 11 மணிக்கு ஆட்டம் நிக்கணும்னு உள்ளூர் கவுன்சிலோட கட்டுப்பாடு. 2012ல மரே - பாக்தாதிஸ் மேட்ச் 11:02க்கு முடிஞ்சது, அது விதிவிலக்கு. 2023ல மரே - சிட்சிபாஸ் 10:39க்கே நிறுத்திட்டாங்க. மரே ரெண்டு செட்டுக்கு ஒண்ணுன்னு முன்னிலை, கூட்டம் அவர் பக்கம் கொதிச்சிட்டிருந்துச்சு. மறுநாள் வந்து சிட்சிபாஸ் ஜெயிச்சார். அந்த ராத்திரியே ஆடியிருந்தாங்கன்னா... இன்னைக்கும் ஆறலை.

கோட்டுக்கு வெளியே

2025 ஜூலை 6, சென்டர் கோர்ட், பாவ்லியுசென்கோவா - சோனே கார்ட்டல். முதல் செட் 4-4, பாவ்லியுசென்கோவாவுக்கு கேம் பாயிண்ட். கார்ட்டல் அடிச்ச பந்து கோட்டைத் தாண்டி விழுந்துச்சு, எல்லார் கண்ணுக்கும் தெரிஞ்சுது. அவுட்னு சத்தமே வரலை. அந்த வருஷம்தான் பந்து கோட்டுக்கு உள்ளயா வெளியயான்னு சொல்ற லைன் ஜட்ஜ்களை முழுசா எடுத்துட்டு மெஷின் வெச்சாங்க. கோர்ட்டோட ஒரு பகுதியில அதை யாரோ கைதவறி அணைச்சிருக்காங்க. அம்பயர் நிறுத்தி, பாயிண்டை மறுபடி ஆடச் சொன்னார். கார்ட்டல் அந்தக் கேமை எடுத்துட்டார். மேட்சை பாவ்லியுசென்கோவா 7-6, 6-4ல ஜெயிச்சதால எல்லாரும் மறந்துட்டாங்க. தோத்திருந்தா?

அப்புறம் ஆட்டம் நடக்கிறப்போ யாரும் அணைக்க முடியாதபடி மாத்திட்டாங்க. எனக்குக் கேள்வி மெஷினைப் பத்தி இல்லை. அம்பயர் தானே பார்த்த பந்தை அவுட்னு சொல்ல ஏன் தயங்கினார்ங்கிறதுதான். நாற்காலியில மனுஷன் உட்கார்ந்திருக்கிறதே அதுக்குத்தானே.

சேப்பாக்கம் பெரியவர்

புல்தரை தம்பி பழைய புல் கலவையைச் சொன்னதால எழுதறேன். ராமநாதன் கிருஷ்ணன் 1960லயும் 1961லயும் செமிஃபைனல். முதல் தடவை நீல் ஃப்ரேசர், ரெண்டாவது தடவை ராட் லேவர், ரெண்டு பேரும் அந்தந்த வருஷம் பட்டம் வாங்கினவங்க. சர்வீஸ்ல வேகம் கிடையாது, பந்தை வைக்கிற இடத்தை வெச்சே அவ்வளவு தூரம் போனார். பந்து தாழ்ந்து வழுக்கிப் போற அந்தக் காலப் புல் அதுக்குத் துணை. 1954ல அவர் ஜூனியர் சாம்பியன், 1979ல மகன் ரமேஷ் அதே பட்டம். 1973ல விஜய் அமிர்தராஜ் குவார்ட்டர்ஃபைனல், கோடெஷ்கிட்ட அஞ்சாவது செட் 7-5ல போச்சு. கோடெஷ்தான் அந்த வருஷ சாம்பியன். 1981ல விஜய் கானர்ஸுக்கு எதிரா ரெண்டு செட் முன்னிலை எடுத்துட்டு விட்டது இன்னொரு வலி.

ஊர்ல இருந்தே பார்க்கிறவங்களுக்கு: நம்ம நேரம் நாலரை மணி முன்னால. வெளிக் கோர்ட் மத்தியானம் மூணரை, சென்டர் சாயங்காலம் ஆறு. மறுநாள் அட்டவணையை முந்தின நாளே வெளியிடுவாங்க, அதைப் பார்த்து ரெண்டு வெளிக் கோர்ட் மேட்சைக் குறிச்சு வெச்சுக்குங்க. பெரிய பேர்களையே துரத்தினா முதல் நாலு நாள்ல பாதி சுவாரஸ்யம் கைவிட்டுப் போயிடும்.

மெட்ராஸ் மகள்

டூட்டிங் அக்கா, அப்பாவுக்கு எழுபது வயசு, ராத்திரி கூடாரம் முடியாது. எந்த நாள் வந்தா நல்லா இருக்கும்?

டூட்டிங் அக்கா

பிள்ளை, முதல் புதன் அல்லது வியாழன். அப்ப ரெண்டாவது ரவுண்ட், எல்லாக் கோர்ட்டிலயும் ஒற்றையர் இருக்கும், இரட்டையரும் தொடங்கியிருக்கும். ரெண்டாவது கிழமை கிரவுண்ட் பாஸுக்கு ஜூனியரும் இரட்டையருமே மிச்சம். வெள்ளன வாங்கோ, அப்பாவுக்கு மடக்குக் கதிரை ஒண்டு, வரிசையில நகர நகரத் தூக்கிக்கொண்டு போகக்கூடிய பாரமில்லாததாப் பாருங்கோ. அது கடைசிவரைக்கும் உள்ள வராது, சாமான் வைக்கிற இடத்தில குடுத்துப்போட்டுப் போங்கோ. உள்ள போன உடன மேட்டுக்கு ஏறாமல் நேர 12க்கு அல்லது 18க்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. 11 மணிக்கு முன்னம் கதிரை கிடைச்சிட்டால் பின்னேரம் வரைக்கும் அவர் எழும்பத் தேவையில்லை.