மறு: 'கன்ஷொட் டிடெக்‌ஷன்' – 'வெடியொலி இடங்காட்டி' என்று வைப்போமா?

சேருக்கும் குழு நண்பர்களுக்கும் வணக்கம்.

சிக்காகோ பொலிஸ் பற்றிய கட்டுரையை மொழிபெயர்க்கும்போது தம்பி முட்டி நின்ற சொல் 'கன்ஷொட் டிடெக்‌ஷன்', அதாவது துப்பாக்கிச் சத்தம் போன்ற ஒலியைக் கேட்டு அது வந்த இடத்தைப் பொலிசுக்குச் சொல்லும் கருவி. அதற்குத் தமிழில் 'சூட்டுணரி', 'சுடுகாணி', 'துப்பாக்கிச்சூடு கண்டறி கருவி' என்று மூன்று நாளில் மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. எனக்கு மூன்றிலும் தயக்கம் இருக்கிறது. காரணத்தைச் சொல்லிவிட்டு என் சொல்லை வைக்கிறேன்.

'சூட்டுணரி' சின்னச் சொல், நல்ல சொல். ஆனால் வாசிக்கிறவர் வெப்பத்தை அளக்கும் கருவி என்றுதான் நினைப்பார். போதாததற்கு, எங்கள் மட்டக்களப்புப் படுவான்கரையிலும் அம்பாறை வயல் பக்கங்களிலும் சூடு என்றால் அறுத்துக் குவித்த நெற்கதிர். சூடு வைப்பதும் சூடடிப்பதும் இன்னும் பேச்சில் உள்ளவை. 'சுடுகாணி'க்கும் இதே சிக்கல். தமிழ்நாட்டு நண்பர் காண்பது என்ற பொருளில் 'காணி'யைச் சேர்த்திருக்கிறார். இங்கே காணி என்றால் நிலம், உறுதிப் பத்திரம், எல்லைச் சண்டை. சுடுகாணி என்று கேட்டதும் எனக்குச் சுடுகாடுதான் மனதில் வந்தது.

அடுத்தது சேர் தந்த 'துப்பாக்கிச்சூடு கண்டறி கருவி'. இலக்கணத்தில் குறையே இல்லை. நான் தயங்குவது 'கண்டறி' என்ற இடத்தில். சேர், அந்தக் கருவி துப்பாக்கிச் சூட்டைக் கண்டறிவதில்லை. ஒரு சத்தத்தைக் கேட்கிறது, அது எங்கிருந்து வந்தது என்று கணக்குப் போடுகிறது.

கணக்கு எளிமையானது. வட்டையில், அதாவது வயல்வெளியில், மூன்று காவல் பரண் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவில் எங்கோ யானையை விரட்ட யானை வெடி போடுகிறார்கள். ஒலி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் போகும். ஒரு பரணுக்கு மற்றதைவிட ஒரு செக்கன் பிந்திக் கேட்டால், வெடித்த இடம் அந்தப் பரணுக்கு 340 மீற்றர் கூடத் தூரம். இரண்டு பரணை மட்டும் வைத்துப் பார்த்தால், இடம் ஒரு வளைகோட்டின் மேல் எங்கேயோ என்பதோடு நின்றுவிடும். மூன்றாவது பரணில் இருப்பவரும் தனக்குக் கேட்ட நேரத்தைச் சொன்னால் கோடுகள் வெட்டுகிற புள்ளி கிடைத்துவிடும். சிக்காகோ பொலிசுக்காகப் பொருத்தியிருந்த ஷொட்ஸ்பொட்டர் என்ற கருவித் தொகுதி செய்வதும் இதுதான். பரணுக்குப் பதிலாகக் கூரைகளிலும் விளக்குக் கம்பங்களிலும் ஒலிவாங்கிகள்.

இடம் சொல்வது ஒரு வேலை. என்ன சத்தம் என்று சொல்வது வேறு வேலை. பட்டாசா, வாகனப் புகைக்குழாய் வெடித்ததா, துவக்கா (துப்பாக்கியா) என்பதை முதலில் கணினி பிரிக்கும். பிறகு ஷொட்ஸ்பொட்டர் நிறுவனத்தின் ஆட்கள் ஒலிப்பதிவைக் கேட்டுத் தீர்மானித்துப் பொலிசுக்கு அறிவிப்பார்கள். இவ்வளவும் ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும் என்பது அவர்களின் இலக்கு. பிழை பெரும்பாலும் நுழைவது இந்த இரண்டாவது வேலையில்.

சிக்காகோ நகர நிர்வாகத்தைக் கண்காணித்து ஆராயும் தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகம் 2021 ஓகஸ்டில் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2020 ஜனவரி தொடக்கம் 2021 மே முடியும்வரை, துப்பாக்கிச் சூடாக இருக்கலாம் என்று நிறுவனம் உறுதிசெய்து அனுப்பியவை 50,176. துப்பாக்கிக் குற்றத்துக்குச் சான்று கிடைத்ததாகப் பதிவானவை 4,556. நூற்றுக்கு ஒன்பது. சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு கிடைக்கவில்லை என்பதற்காகச் சூடே நடக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது, அது நியாயம். ஆனால் 'கண்டறி' என்ற சொல்லை வைத்து இதை மொழிபெயர்த்தால் '50,176 துப்பாக்கிச் சூடுகள் கண்டறியப்பட்டன' என்று வரும். அது பொய்யான வசனம். மொழிபெயர்த்தவர் பொய் சொல்லவில்லை, சொல் சொல்லிவிட்டது. சிக்காகோ 2024 செப்டெம்பரில் அந்தக் கருவிகளை நிறுத்திவிட்டது. அங்கே பல வருடம் நடந்த வாதமே கேட்டதற்கும் கண்டறிந்ததற்கும் உள்ள இடைவெளியைப் பற்றியதுதான். அதைத் தமிழில் எழுத வருகிறவருக்கு அந்த இடைவெளி சொல்லிலேயே தெரிய வேண்டாமா?

அதனால்தான் 'வெடியொலி' என்கிறேன். வெடி என்றால் பட்டாசும் ஆகும், குண்டும் ஆகும், பொருள் தெளிவில்லை என்று சேர் கேட்பீர்கள். அந்தத் தெளிவின்மை கருவியிடமே இருக்கிறது. நம் ஊரில் துவக்குச் சூட்டுக்கும் வெடி என்கிறோம், யானை வெடிக்கும் வெடி என்கிறோம், கோயில் திருவிழாவில் போடுவதும் வெடிதான். சண்டைக் காலத்தில் என் அம்மம்மா ராவில் எழும்பி உட்கார்ந்து "வெடி கேக்குது" என்பா. அவ்வளவுதான் சொல்லுவா. யார் வைத்தது, யாருக்குப் பட்டது என்பது விடிந்த பிறகுதான் தெரியும். தனக்குத் தெரிந்ததற்கு மேல் ஒரு சொல்லும் அவ கூட்டிச் சொன்னதில்லை. அந்தச் சொல்லே இந்தக் கருவிக்கும் போதும்.

'காட்டி' நமக்குப் பழகியது: திசைகாட்டி, நாட்காட்டி. திசைகாட்டி வடக்கைக் காட்டும், அங்கே என்ன இருக்கிறது என்று சொல்லாது. ஜீபிஎஸ்ஸுக்கும் சிலர் இடங்காட்டி என்கிறார்கள்தான். முன்னால் 'வெடியொலி' நிற்பதால் குழப்பம் வராது என்று நம்புகிறேன். முழுக் கட்டமைப்பையும் சொல்ல வேண்டிய இடத்தில் 'வெடியொலி இடங்காட்டித் தொகுதி' எனலாம். தமிழ்நாட்டவர் 'அமைப்பு' என்று போட்டுக்கொள்ளட்டும். பொலிசுக்கு வருவது 'வெடியொலி அறிவிப்பு'. ஆட்கள் போய்ப் பார்த்துச் சான்று எடுத்த பிறகு மட்டும் 'துப்பாக்கிச் சூடு' என்று எழுதுவோம். தம்பி, கட்டுரையில் இந்த இரண்டையும் கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் எனக்கு அகப்படவில்லை. ஒலிப்பதிவைக் கேட்டு 'இது துவக்கு' என்று முடிவு சொல்கிறாரே, அந்த ஆளுக்கு என்ன பெயர்? 'செவிமடுப்பவர்' என்றால் வானொலி நேயர் போல இருக்கிறது, 'ஒலி ஆய்வாளர்' என்றால் ஆய்வுகூடம் போல இருக்கிறது. அவர் செய்வது சில செக்கன்களில் எடுக்கும் ஒரு தீர்ப்பு. சேரிடம் ஏதாவது சொல் இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
களுவாஞ்சிகுடியிலிருந்து