எஸ்எஸ்டி போட்ட மெஷின்ல ஸ்வாப் செட்டிங், உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

எஸ்எஸ்டி மாத்தினா போதும், ஸ்வாப்பை (ரேம் பத்தாதப்ப டேட்டாவை ஒதுக்கி வைக்கற எடம், வழக்கமா டிஸ்க்ல) ஆஃப் பண்ணு, இல்லன்னா ஸ்வாப்பினஸை 1ல வை, டிரைவ் தேஞ்சிடும்னு ஆளாளுக்குச் சொல்றாங்க. லினக்ஸ்ல ஸ்வாப்பினஸ் டீஃபால்ட்டா 60, அதனால ரேம் 60 சதவீதம் ரொம்பினா ஸ்வாப் ஆரம்பிச்சிடும்னு ஒரு நம்பிக்கை வேற. அது சதவீதமே இல்லைங்க. மெமரி பத்தலைன்னா கெர்னல், அதாவது லினக்ஸோட மையப் பகுதி, ரெண்டு எடத்துல கைவைக்கலாம், ஒண்ணு டிஸ்க்ல இருந்து படிச்சு வச்சிருக்கற ஃபைல் கேஷ், இன்னொண்ணு புரோகிராம் ஓடும்போது அதுவா உண்டாக்கின டேட்டா. கேஷை அப்படியே தூக்கிப் போட்டுடலாம், டிஸ்க்ல காப்பி இருக்கு, ஆனா ரெண்டாவதை ஸ்வாப்ல எழுதினாத்தான் காலி பண்ண முடியும். இந்த ரெண்டுல எதை எவ்வளவு தொடணும்னு சொல்ற நம்பர்தான் ஸ்வாப்பினஸ்.

எங்க தெருவுல ஒரு ஜெராக்ஸ் கடை, 4 ஜிபி ரேம், லினக்ஸ் மின்ட், ஹார்டு டிஸ்க்கை எடுத்துட்டு எஸ்எஸ்டி போட்டுக் குடுத்தவரு ஸ்வாப்பையும் மொத்தமா எடுத்துட்டாரு. காலையில பறக்கும், மதியத்துக்கு மேல ஆன்லைன் அப்ளிகேஷன் கூட்டம் வந்து ஃபயர்பாக்ஸ்ல டேப் ஏறி, ஸ்கேனரும் ஓடி, பெரிய பிடிஎஃப் ஒண்ணைத் திறந்தா மவுஸ் அப்படியே நின்னுடும், டிஸ்க் லைட் மட்டும் அணையாம எரியும், கடைசியில பவர் பட்டனை அமுக்கிப் பிடிச்சு ஆஃப் பண்றதுதான் வழி, அப்ளை பண்ண வந்தவங்க மறுபடி முதல்ல இருந்து ஃபார்ம் நிரப்பணும். அந்த அக்கா டிரைவ் மட்டமானதுன்னு நினைச்சு வேற வாங்கவே கெளம்பிட்டாங்க.

நான் போய் டெர்மினல்ல, மெமரி, டிஸ்க் நிலவரத்தை நொடிக்கு ஒரு வரியா காட்டற விஎம்ஸ்டாட் 1 கமாண்டைப் போட்டு விட்டுட்டு வேலையைத் தொடரச் சொன்னேன். ஸ்லோவாக ஆரம்பிச்சதும் பிஐ காலம் (நெடுவரிசை), அதாவது டிஸ்க்ல இருந்து படிக்கறது, எகிறிட்டே போகுது, டபிள்யூஏ காலமும், அதாவது டிஸ்க்குக்காக சிபியூ காத்திருக்கறது, ஏறுது, எஸ்ஐயும் எஸ்ஓவும், அதாவது ஸ்வாப்ல இருந்து உள்ள வர்றதும் ஸ்வாப்புக்கு வெளிய போறதும், சுத்தமா 0. ஸ்வாப் இல்லாததால கெர்னலுக்குத் தூக்கிப் போட ஃபைல் கேஷ் மட்டும்தான் இருக்கு, ஓடிட்டு இருக்கற ஃபயர்பாக்ஸோட புரோகிராம் கோடும் அந்தக் கேஷ்லதானே கெடக்கு, அதைத் தூக்கிப் போடும், அடுத்த நொடியே திரும்பப் படிக்கும், மறுபடி தூக்கிப் போடும். கொஞ்சமாச்சும் எடம் கெடைச்சுட்டே இருக்கறதால ஓஓஎம் கில்லரும் (மெமரி தீர்ந்தா ஒரு புரோகிராமை மூடற கெர்னல் வசதி) சீக்கிரம் வராது. எப்பவோ திறந்துட்டு மறந்துபோன டேபோட டேட்டா ரேம்ல சும்மா கெடக்க, இப்ப தேவைப்படற கோடு வெளிய போகுது. எனக்கு இதைப் பார்க்கத்தான் தாங்கலை.

தேயற பயத்துக்கும் ஒரு கணக்கு சொல்லிடறேன். 250 ஜிபி சாம்சங் 860 ஈவோவுக்கு 5 வருஷம், இல்லன்னா 150 டிபி எழுதற வரைக்கும், எது முதல்ல வருதோ அதுவரைக்கும் வாரண்டி. ஸ்வாப்போட சேர்த்து ஒரு நாளைக்கு 20 ஜிபி எழுதினாலும் அந்த 150 டிபியைத் தொட 20 வருஷம் ஆகும். உங்க டிரைவ் இதுவரை எவ்வளவு எழுதியிருக்குன்னு ஸ்மார்ட்சிடிஎல் கமாண்ட் காட்டும், என்விஎம்இ வகை டிரைவா இருந்தா டேட்டா யூனிட்ஸ் ரிட்டன்னு வரும், பக்கத்துலயே பெர்சன்டேஜ் யூஸ்டும் இருக்கும். ஒரு வாரம் விட்டு ரெண்டு தடவை பார்த்தா உங்க வேகம் தெரிஞ்சிடும்.

கடையில 2 ஜிபிக்கு இசட்ராம் போட்டேன், கம்ப்ரஷன் இசட்எஸ்டிடி, பிரையாரிட்டி 100. அதுக்குக் கீழ எஸ்எஸ்டில 4 ஜிபி ஸ்வாப்ஃபைல். இசட்ராம் பேஜை, அதாவது மெமரித் துண்டை, ரேம்லயே சுருக்கி வச்சுக்கும், அது ரொம்பினாத்தான் டிஸ்க் பக்கமே போகும். 2020ல வந்த ஃபெடோரா 33 லினக்ஸ்ல இருந்து அங்க இசட்ராம்தான் டீஃபால்ட். ஸ்வாப்பினஸை 1க்குக் குறைக்கறதுக்குப் பதிலா 150க்கு ஏத்தினேன், 100க்கு மேல போக 5.8 கெர்னலாவது வேணும், அதுல இருந்துதான் 200 வரைக்கும் விட்டிருக்காங்க. கெர்னல் டாக்குமென்ட்லயே ஸ்வாப் டிவைஸ் ஃபைல்சிஸ்டத்தை விட ரெண்டு மடங்கு வேகம்னா 133 வைங்கன்னு கணக்கு போட்டுக் காட்டியிருக்கு. பேஜ்-க்ளஸ்டர்னு இன்னொரு செட்டிங், டீஃபால்ட் 3, ஒரு பேஜ் கேட்டா 8 பேஜா அள்ளிட்டு வரும், இசட்ராமுக்கு அது வீண், 0 வச்சேன்.

அடுத்த நாள் கூட்ட நேரத்துல இசட்ராம்சிடிஎல் கமாண்ட் போட்டா டேட்டா 1.4 ஜிபி, சுருங்கினது 430 எம்பி கிட்ட. மவுஸ் நிக்கவே இல்ல. அக்கா புது டிரைவ் வாங்கற காசுல இன்னொரு 4 ஜிபி ரேம் ஸ்டிக் வாங்கிட்டாங்க, அது சரியான செலவு.

—

அண்ணா, நீங்க சொல்ற எஸ்ஐ எஸ்ஓ விஷயம் எனக்கும் நடந்துச்சு, ஆனா நேர் எதிரா, ஸ்வாப் யூஸ் ஆகியும் ஒரு பிரச்சனையும் இல்ல. ஆபீஸ் லேப்டாப் 16 ஜிபி, டாக்கர், போஸ்ட்கிரெஸ் எல்லாம் ஓடும். ஃப்ரீ கமாண்ட் போட்டா ஸ்வாப்ல 1.2 ஜிபி யூஸ்டுன்னு காட்டுது, அவைலபிள் காலம்ல 7 ஜிபி சும்மா இருக்கு. டீம்ல ஒருத்தர் உடனே ஸ்வாப்ஆஃப் பண்ணுங்கன்னாரு. விஎம்ஸ்டாட்டை மதியம் முழுக்க ஓட விட்டேன், ரெண்டு காலமும் 0 தான். முன்னாடி பெரிய பில்ட் ஓடினப்ப வெளிய போன பேஜ், அப்புறம் யாரும் கேக்கல, அங்கயே இருக்கு, அதனால ஒரு நஷ்டமும் இல்ல. அதைத் தொடாம விட்டுட்டேன். ஒண்ணு மட்டும், ஹைபர்னேட் (ரேம்ல இருக்கறதை டிஸ்க்ல எழுதிட்டு ஆஃப் ஆகறது) வேணும்னா டிஸ்க்ல ஸ்வாப் இருந்தே ஆகணும், இசட்ராம் மட்டும் வச்சா பவர் போனதும் அதுல இருக்கறதும் போயிடும்.

—

விண்டோஸ் ஆளுங்களும் கேட்டுக்கோங்க. கல்யாண ஆல்பம் டிசைன் பண்ற என் மச்சான் மெஷின்ல எஸ்எஸ்டி போட்டவங்க பேஜிங் ஃபைலை (விண்டோஸோட ஸ்வாப்) நோ-ன்னு வச்சுட்டாங்க. 8 ஜிபி ரேம். டாஸ்க் மேனேஜர்ல மெமரி மிச்சம் தெரியும்போதே மெமரி பத்தலைன்னு எடிட்டிங் சாஃப்ட்வேர் மூடிக்கும், சேவ் பண்ணாத பக்கமெல்லாம் போச்சு. அதே டாஸ்க் மேனேஜர்ல கமிட்டட்னு ஒரு நம்பர் இருக்கு பாருங்க, அதோட லிமிட் ரேமும் பேஜிங் ஃபைலும் சேர்ந்தது. புரோகிராம் எடம் கேட்டு வாங்கும்போதே, அதைப் பயன்படுத்தறதுக்கு முன்னாடியே, விண்டோஸ் அந்தக் கணக்குல கழிச்சிடும். பேஜிங் ஃபைல் இல்லன்னா லிமிட் சுருங்கிப் போகுது. சிஸ்டம் மேனேஜ்டுன்னு திரும்ப வச்சேன், அதுக்கப்புறம் மூடிக்கல. 2009லயே மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 7 டீம் இதைப் பத்தி எழுதினாங்க, பேஜ்ஃபைல்ல ஒரு தடவை எழுதினா 40 தடவை படிக்கும், படிக்கறதும் பெரும்பாலும் குட்டி குட்டியா, எஸ்எஸ்டிக்கு அதைவிடப் பொருத்தமான ஃபைல் கொஞ்சம்தான்னு.

—

தம்பி சொன்ன ஹைபர்னேட் பாயிண்ட் முக்கியம், நன்றி. இன்னொண்ணு, எஃப்எஸ்ட்ரிம் டைமர் ஓடுதான்னு பாருங்க, வாரம் ஒரு தடவை ஓடினா போதும், காலியான எடம் எதுன்னு டிரைவுக்குத் தெரிஞ்சா அது உள்ளுக்குள்ள தேவையில்லாம டேட்டாவை இடம் மாத்தி எழுதறது குறையும். யாராவது செட்டிங் கேக்கறதா இருந்தா ரேம் எவ்வளவு, கெர்னல் வெர்ஷன் என்ன, மெஷின் திணர்ற நேரத்துல எடுத்த விஎம்ஸ்டாட் ஒரு இருபது வரி, இதெல்லாம் சேர்த்துப் போடுங்க. சும்மா இருக்கற நேரத்துல எடுத்துப் போட்டா அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.