கைக்குழந்தை உள்ள பெற்றோருக்கான நடைக்குழு: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். சென்னை அண்ணா நகர் டவர் பார்க் அருகே வசிக்கும், கைக்குழந்தையோ நடைபழகும் குழந்தையோ உள்ள பெற்றோர் சேர்ந்து நடப்பதற்கு ஒரு குழு தொடங்க எண்ணியிருக்கிறோம். அதற்கு உங்கள் உதவி தேவை.

மருத்துவத் தடை இல்லாத நிலையில், பிள்ளை பெற்ற தாய்மாரும் வாரத்திற்கு 150 நிமிடங்களாவது மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைகளுக்கோ நாளொன்றுக்கு 180 நிமிடங்களாவது ஓடியாடும் நேரம் வேண்டும் என்றும், தள்ளுவண்டியில் ஒரே தொடர்ச்சியாக ஒரு மணி நேரத்திற்கு மேல் அமர்த்தி வைக்கக் கூடாது என்றும் அதே நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. ஆகவே, பெரியவர்கள் நடக்க, பிள்ளை வண்டியிலேயே உட்கார்ந்திருக்கும் ஏற்பாடு பாதித் தீர்வுதான் என்பது என் கருத்து. (நம் நடைபாதைகளில் வண்டியைத் தள்ளுவதே தனிப் பயிற்சி என்பது வேறு விஷயம்.)

சிசேரியன் ஆன தாய்மார் எந்தப் பயிற்சியிலிருந்து தொடங்கலாம், "பச்சை உடம்பு" என்று தடுக்கும் வீட்டுப் பெரியவர்களை எப்படி இணங்க வைப்பது, தந்தையரையும் வரவழைக்க எந்த நேரம் பொருந்தும் என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். இயன்முறை மருத்துவர்கள் எவரேனும் இங்கிருந்தால், முதல் சந்திப்புக்கு வந்து வழிகாட்ட இயலுமா?