‘சுகர் நோர்மல்’ என்று வந்த ரிப்போர்ட்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கோ

வெள்ளவத்தை அக்கா:

என்ர அவர் நல்ல பருமன். ஆனால் ஃபாஸ்டிங் சுகர் எப்பவும் நூறுக்குள்ளதான் வரும். கடைசியாக எடுத்தது 97. “சுகர் இல்லை, நிறையை மட்டும் கொஞ்சம் குறையுங்கோ” என்று ஒரு டொக்டர் அனுப்பிவிட்டார். வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. எனக்கு அந்த ரிப்போர்ட்டின் கீழ்ப்பக்கம்தான் உறுத்தியது. இரத்தத்தில் ஓடுகிற கொழுப்பான ட்ரைகிளிசரைட் 238, நல்ல கொலஸ்ட்ரோல் என்கிற எச்டிஎல் 34, ஈரலுக்குப் பார்க்கிற எஸ்ஜிபிடி 71.

இன்னொரு டொக்டரிடம் கொண்டுபோனேன். அந்த டொக்டர் முதல் வேலையாக நாடாவை எடுத்து இவரின் இடுப்பை அளந்தார். 104 சென்ரிமீட்டர். எங்கட தெற்காசிய உடம்புக்கு ஆண் என்றால் 90, பெண் என்றால் 80 வந்தாலே கவனிக்க வேணுமாம். பிறகு ஒரு தாளில் ஐந்து விஷயம் எழுதிக் காட்டினார்: இடுப்பு, ட்ரைகிளிசரைட் 150க்கு மேல், எச்டிஎல் ஆணுக்கு 40க்கும் பெண்ணுக்கு 50க்கும் கீழே, பிரஷர் 130/85 அல்லது கூட, ஃபாஸ்டிங் சுகர் 100 அல்லது கூட. இதில் மூன்று இருந்தால் மெட்டபோலிக் சிண்ட்ரோம், அதாவது நீரிழிவும் இருதய நோயும் வருகிற ஆபத்தைக் கூட்டுகிற கோளாறுகளின் கூட்டு. இவருக்குச் சுகரும் பிரஷரும் சரியாக இருக்கும்போதே மூன்றும் வந்தாயிற்று!

கணையம் வழமையைவிடக் கூடுதலாக இன்சுலின் சுரந்து சுகரைப் பிடித்து வைத்திருக்கிறது, அதனால்தான் அந்த 97 என்றார். வயிற்றுக்குள் சேருகிற கொழுப்பிலிருந்து கொழுப்பமிலம் நேரே ஈரலுக்குப் போகுது. ஈரல் அதை ட்ரைகிளிசரைட்டாக்கி இரத்தத்தில் விடுது, மிச்சம் ஈரலிலேயே படியுது. ட்ரைகிளிசரைட் ஏற எச்டிஎல் இறங்கும். ஸ்கேன் எடுத்தோம், ஃபெட்டி லிவர்.

கொழும்பில் எங்கட சொந்தத்துக்குள்ளேயே எத்தனை பேர் விரலில் குத்தி சுகர் பார்த்துவிட்டுச் சந்தோஷமாக வீட்டுக்குப் போகினம். அவைக்காகத்தான் எழுதுகிறேன்.

கொட்டாஞ்சேனைத் தம்பி:

அக்கா, நான் லாபில் வேலை செய்கிறேன். காலையில் வாற ஆட்களிடம் “சாப்பிட்டீங்களா?” என்றால் இல்லை என்பினம். “தேத்தண்ணி?” என்று கேட்டால்தான், சீனி போட்டு ஒரு கப் குடித்தது வெளியே வரும். இந்தக் கொழுப்புகளைப் பார்க்கிற லிப்பிட் டெஸ்ட் எடுக்க 10, 12 மணித்தியாலம் வெறும் வயிறு வேணும், தண்ணீர் குடிக்கலாம். முதல்நாள் குடியும் ட்ரைகிளிசரைட்டைத் தூக்கிவிடும். பார்ட்டிக்கு மறுநாள் வந்த ஓர் அண்ணைக்கு 600 தாண்டியிருந்தது. 500க்கு மேலே போனால் கணைய அழற்சிக்கே இடமுண்டு என்பதால் உடனே டொக்டரிடம் அனுப்பினோம். குடியை நிறுத்திவிட்டுத் திரும்ப எடுத்தபோது 210. அதுவும் கூடத்தான், ஆனால் வைத்தியம் வேறு.

தெஹிவளை:

என் கதை மறுபக்கம். கடந்த இரண்டு மூன்று மாதச் சுகரின் சராசரியைக் காட்டுகிற எச்பிஏ1சி 6.2 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை நீரிழிவுக்கு முந்தின நிலை என்று தெரியும், அழுதே விட்டேன். டொக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு “ஹீமோகுளோபின் ஏன் இவ்வளவு குறைவு?” என்று கேட்டார். இரும்புச்சத்துக் குறைந்தால் எச்பிஏ1சி உள்ளதைவிடக் கூட்டிக் காட்டுமாம். எங்கட பெண்களில் எத்தனை பேருக்கு இரத்தம் குறைவு, இதை யாரும் சொல்வதில்லை! 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துத் தந்து இரண்டு மணித்தியாலம் கழித்துப் பார்த்தார்கள், 128. 140க்குக் கீழே என்பதால் சரி. ஆனால் இடுப்பும் ட்ரைகிளிசரைட்டும் கூடத்தான் இருந்தன, அதனால் டொக்டர் என்னை விடவில்லை. கிளினிக் தொடருது.

மட்டக்குளி:

அக்கா, அம்மாவுக்கும் பருமன்தான். ஃபாஸ்டிங் இன்சுலினும் எடுக்கச் சொல்லி ஒருவர் சொல்கிறார். எடுக்கவா?

வெள்ளவத்தை அக்கா:

நானும் இதை அந்த டொக்டரிடம் கேட்டேன் மகள். லாபுக்கு லாப் அளவு மாறும், எல்லாரும் ஒத்துக்கொண்ட எல்லையும் இல்லை, அந்தக் காசுக்கு லிப்பிட்டும் எஸ்ஜிபிடியும் எடுங்கோ என்றார். எனக்கும் அதுதான் சரியாகப் படுது.

என்ர அவர் பின்னேர ரோல்ஸையும் பனிஸையும் விட்டார், இரவுச் சோற்றைக் குறைத்தார், மரைன் டிரைவில் நடக்கிறார். நிறை அவ்வளவு இறங்கவில்லை, ஆனால் ட்ரைகிளிசரைட் 161க்கு வந்துவிட்டது. தராசை மட்டும் பார்த்திருந்தால் மனம் விட்டுப்போயிருக்கும். 2002இல் வந்த பெரிய அமெரிக்க ஆய்வொன்றில், நிறையில் 7 வீதம் குறைப்பதும் கிழமைக்கு 150 நிமிடம் நடப்பதும் இலக்கு. அதில் நீரிழிவு வருகிற வாய்ப்பு 58 வீதம் குறைந்ததாம்.

காசு கஷ்டமென்றால் 35 வயது தாண்டினவைக்கு அரச ஆஸ்பத்திரிகளில் ஆரோக்கிய வாழ்வு நிலையங்கள் இருக்கு, நிறை, பிரஷர், சுகர் இலவசமாகப் பார்க்கலாம். போகும்போது அம்மாவின் பழைய ரிப்போர்ட்டுகளையும் கொண்டுபோங்கோ. வருஷா வருஷம் ட்ரைகிளிசரைட் ஏறுதா என்று டொக்டர் வரிசையாகப் பார்க்கட்டும்.