ஈவோ 9: வைட்பேண்ட் சென்சாருக்கு எந்த இடம்? மூன்றே மாதத்தில் ஒன்று செத்துவிட்டது

ஒன்பதாம்நம்பர்:
வணக்கம் அண்ணன்மாரே. வண்டி மிட்சுபிஷி ஈவோ 9, சிஓஇ (சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்க வாங்கும் சான்றிதழ்) புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். டியூனிங்குக்காகப் போட்ட வைட்பேண்ட் சென்சார் (புகையில் இருக்கும் ஆக்சிஜனை வைத்துக் காற்று-பெட்ரோல் விகிதத்தைச் சொல்வது), போஷ் எல்எஸ்யு 4.9, மூன்றே மாதத்தில் போய்விட்டது, கேஜில் எரர் மட்டும்தான் வருகிறது. போட்டுக் கொடுத்த வொர்க்‌ஷாப்பில் கேட்டால் “சென்சார் என்றால் அப்படித்தான், இன்னொன்று வாங்குங்கள்” என்கிறார்கள். அவர்கள் பங் (சென்சாரைத் திருகும் மரை வளையம்) வெல்ட் செய்திருப்பது டவுன்பைப்பின் (டர்போவிலிருந்து இறங்கும் புகைக்குழாய்) அடிப்பக்கம், வயர் தரையைப் பார்த்துத் தொங்கும். புது டவுன்பைப் வரப்போகிறது, இந்தத் தடவை நானே இடத்தைக் குறித்துக் கொடுக்கலாம் என்று பார்க்கிறேன். ஒரு நண்பர் டர்போவுக்கு முன்னாலேயே மேனிஃபோல்டில் போடு, ரீடிங் உடனே வரும் என்கிறார். இன்னொருவர் வெல்டிங்கே எதற்கு, டெயில்பைப்பில் கிளாம்ப் போதும் என்கிறார். வண்டி தினமும் போவது தெம்பனிஸிலிருந்து சாங்கி பிசினஸ் பார்க் வரை, அவ்வளவுதான். எப்போதாவது செப்பாங் ரேஸ் டிராக்.

பழையஸ்பேனர்:
தம்பி, எனக்குத் தண்ணீர் மேல்தான் சந்தேகம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் புகையோடு வரும், குழாய் சூடாக இருந்தால் அது கண்ணுக்கே தெரியாது. நீங்கள் ஓட்டுகிற தூரத்துக்குக் குழாய் எங்கே முழுதாகச் சூடேறுவது? ஆவி உள்சுவரில் படிந்து சொட்டுச் சொட்டாக அடியில் தேங்கும், உங்கள் சென்சார் அந்தத் தேக்கத்துக்குள்ளேயே மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. உள்ளே இருக்கிற பீங்கானை ஹீட்டர் 780 டிகிரி வரை சூடாக்கும். காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் கல் தாங்கும், பீங்கான் தாங்காது, விரிசல் விட்டுவிடும்.

அதனால் முதலில் கோணம். குழாயைக் கடிகாரமாக நினைத்துக்கொண்டால் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில் பங் வர வேண்டும். இடமே இல்லையென்றாலும் கிடைமட்டத்துக்கு மேல் பத்து டிகிரியாவது தூக்கி, முனை கீழ்நோக்கிச் சரிந்திருக்கும்படி வையுங்கள்.

டர்போவுக்கு முன்னால் வேண்டவே வேண்டாம். சூடு ஒரு காரணம், புகை 930 டிகிரியைத் தாண்டினால் இந்த சென்சார் அதிக நாள் தாங்காது. எனக்கு அதைவிடப் பயம் அழுத்தம்தான். டர்போவுக்கு முன்னால் அழுத்தம் ஏறும்போது சென்சார் மிகைப்படுத்திக் காட்டும், ரிச் ஆக (பெட்ரோல் அதிகமாக) இருந்தால் இன்னும் ரிச் என்று சொல்லும். உதாரணத்துக்கு, ஃபுல் பூஸ்டில் கேஜ் 11 (எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 11 பங்கு காற்று) என்று காட்டும், உண்மையில் 11.6 ஆக இருக்கும். அதை நம்பி டியூனர் பெட்ரோலைக் குறைத்தால் நாக் (பெட்ரோல் கலவை தப்பான நேரத்தில் தானாக வெடிப்பது) ஆரம்பிக்கும், பிஸ்டன் யார் காசு?

டர்போ அவுட்லெட்டிலிருந்து 90 சென்டிமீட்டர் தள்ளி, கேட்டலைசருக்கு (புகையைச் சுத்தப்படுத்தும் கேட்) முன்னால். அதுதான் இடம்.

காக்கிபுக்கிட்காரன்:
90 எல்லாம் ஈவோவில் நடக்காது அண்ணே :) டர்போ ரேடியேட்டர் பக்கம் இருக்கிறது, டவுன்பைப் சம்புக்கு (இன்ஜின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) அடியில் வளைந்து பின்னால் போகிறது, அதற்குள் கேட் வந்துவிடும். சம்ப் தாண்டியதும் வரும் நேர்க்குழாயில் 60 கிடைத்தாலே போதும், கேட்டுக்கு முன்னால் இருப்பதுதான் முக்கியம், ஏனென்றால் கேட் ஆக்சிஜனைத் தின்றுவிடும். கேட்டையே கழற்றிவிட்டால் இடம் கிடைக்குமே என்று யாராவது சொல்லுவார்கள், கேட்காதீர்கள், இன்ஸ்பெக்‌ஷனில் மாட்டிக்கொள்வீர்கள்.

டெயில்பைப் கிளாம்ப் டைனோவில் (பவர் அளக்கும் மெஷின்) சும்மா ஒரு புல் (ஒரு தடவை முழு ஆக்சிலரேட்டர்) பார்க்க ஆகும். ஐடிலில் வெளிக்காற்று குழாய்க்குள் திரும்ப வரும், ரீடிங் லீன் (பெட்ரோல் குறைவு) ஆகிவிடும்.

அப்புறம் ஒன்று, வெல்ட் செய்யும்போது சென்சாரையே பங்கில் திருகி வைத்து வெல்ட் அடிப்பவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பிளக் போட்டு அடிக்கச் சொல்லுங்கள். மரை எம்18 x 1.5. ஆன்டி சீஸ் (மரை இறுகிப்போகாமல் பூசும் பசை) மரையில் மட்டும், முனையில் பட்டால் அந்த சென்சாருக்கும் கும்பிடு.

விடெக்வண்டி:
என் வண்டியில் டர்போ இல்லை, 4-2-1 ஹெடர் (நாலு புகைக்குழாய் இரண்டாகி, பிறகு ஒன்றாகும்), கலெக்டருக்குப் பின்னால்தான் போட்டிருக்கிறேன், நாலு சிலிண்டரும் சேர்ந்த இடம். ஆனாலும் ஐடிலில் 17 காட்டியது, ரொம்ப லீன். ஒரு வாரம் பெட்ரோல் அளவுக்கான மேப்பைக் கிண்டிக்கொண்டிருந்தேன், சுத்த வேஸ்ட். கடைசியில் காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி, சோப்புத் தண்ணீரை ஃப்ளாஞ்சில் (குழாய்கள் சேரும் இணைப்பு) தெளித்தால் ஒரு ஓரத்தில் நுரை கொப்பளிக்கிறது. கேஸ்கெட் இருபது வெள்ளிகூட இல்லை. புகை வெளியே போகிற ஓட்டை வழியாகத்தான் ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவில் காற்று உள்ளே போகும். சென்சாருக்கு முன்னால் கசிவு இருந்தால் எந்த இடத்தில் வைத்தும் பலனில்லை.

மிஸ்ஃபயரும் லீன் என்றுதான் காட்டும், எரியாத ஆக்சிஜன் அப்படியே வருகிறதல்லவா. உடனே பெட்ரோலைக் கூட்டாதீர்கள், ஸ்பார்க் பிளக்கைப் பாருங்கள்.

ஒன்பதாம்நம்பர்:
நேற்று ராத்திரி மல்டி ஸ்டோரி கார்பார்க்கில் டார்ச் அடித்துக்கொண்டு கழற்றினேன். கடைசி மரை விட்டதும் பங் வழியாகக் கறுப்புத் தண்ணீர் ஒரு டீஸ்பூன் அளவுக்கு மணிக்கட்டில் வழிந்தது. சென்சாரைக் காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே கலகலவென்று சத்தம். ஸ்பேனர் அண்ணன் சொன்னதேதான். போதாக்குறைக்கு பாடியில் ஒரு பக்கம் பளபளவென்று தேய்ந்திருக்கிறது, ராம்ப்பில் உரசியிருக்கும்.

இன்னொரு சந்தேகம். சென்சாரை இயக்கும் கன்ட்ரோலருக்கு இக்னிஷன் ஆன் பண்ணினதுமே கரண்ட் போகிறது. அது சரியா?

பழையஸ்பேனர்:
சரியில்லை. ஸ்டார்ட் ஆவதற்கு முன்பே ஹீட்டர் சூடாகிவிடும், ஸ்டார்ட் ஆனதும் முதல் புகை குழாயில் கிடக்கிற தண்ணீரை அள்ளிக்கொண்டு வந்து அதன்மேல் அடிக்கும். ஃப்யூல் பம்ப் ரிலேயிலிருந்து சிக்னல் எடுத்து, இன்ஜின் ஓடினால் மட்டும் கன்ட்ரோலருக்குக் கரண்ட் போகும்படி தனி ரிலே வைக்கச் சொல்லுங்கள். அதற்காக கரண்டே இல்லாமல் சென்சாரைக் குழாயில் விட்டு ஓட்டாதீர்கள், கரி பிடித்துக் கெட்டுவிடும். கழற்றினால் பிளக் போடுங்கள். வயர் நீளம் போதவில்லை என்று கனெக்டரை வெட்டவும் கூடாது, அந்த சென்சாருக்கென்றே அளந்த ரெசிஸ்டர் அதற்குள்தான் இருக்கிறது, எக்ஸ்டென்ஷன் தனியாகக் கிடைக்கும்.

ஒன்பதாம்நம்பர்:
நன்றி அண்ணே. சம்ப் தாண்டிய நேர்க்குழாயில், டர்போ அவுட்லெட்டிலிருந்து 62 சென்டிமீட்டர், இரண்டு மணிக் கோணம். மார்க்கர் போட்டுவிட்டேன், சனிக்கிழமை வெல்டிங். டனலில் (வண்டியின் அடியில் குழாய் போகும் பள்ளம்) சென்சார் தலை முட்டுமா என்று மட்டும் பழைய சென்சாரை வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.