‘மின்பகுளிச் சமநிலையின்மை’ அவசரப் பிரிவுக்குப் பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

அவசர மருத்துவக் கையேட்டின் தமிழாக்கத்தில், குருதியில் கரைந்துள்ள சோடியம், பொட்டாசியம் போன்றவற்றின் அளவு மிகுவதையோ குறைவதையோ குறிக்கும் ‘எலக்ட்ரோலைட் இம்பேலன்ஸ்’ என்பதற்கு ‘மின்பகுளிச் சமநிலையின்மை’ என்ற சொல் முன்மொழியப்பட்டுள்ளது. பாடநூல் வழக்கை ஒட்டியது என்பதால் அதைப் பலர் ஆதரித்திருப்பது இயல்பே. ஆயினும், நோயாளியின் படுக்கையருகே நின்று அதைச் சொல்ல வேண்டியவன் என்ற முறையில், அதன் இரண்டு பகுதிகளிலும் எனக்கு உடன்பாடில்லை. மாற்றாகக் ‘குருதி அயனிப் பிறழ்வு’ என்ற சொல்லை உங்கள் முன் வைக்கிறேன்.

மூலச்சொல்லை 1834இல் மைக்கேல் ஃபாரடே அறிமுகப்படுத்தியபோது, மின்னோட்டம் செலுத்தினால் பகுபடும் பொருள் என்பதே அவர் கருத்து. ‘மின்பகுளி’ அந்தக் கருத்தை அப்படியே ஏந்தி நிற்கும் அருமையான சொல். மின்கலத்துக்கும் மின்முலாம் பூசுவதற்கும் அதனினும் பொருத்தமான சொல் கிடைக்காது. ஆனால் உப்பு நீரில் கரைந்த மாத்திரத்தில் தானாகவே அயனிகளாக, அதாவது மின்னூட்டம் கொண்ட துகள்களாக, பிரிந்துவிடுகிறது என்பதை 1880களில் வேதியியலாளர் அரீனியசு விளக்கிவிட்டார். குருதியில் நாம் எதையும் மின்னால் பகுப்பதில்லை. ஏற்கெனவே பிரிந்து நிற்கும் சோடியம், பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் அளவைத்தான் பார்க்கிறோம். ஆகவே ‘அயனி’ போதும்.

‘உப்புச் சமன்கேடு’ என்று எளிமையாகச் சொல்லலாமே என்ற கருத்தை நான் தயக்கத்துடன்தான் மறுக்கிறேன். மக்கள் வழக்கில் சோடியமும் உப்பு, சிறுநீரகப் பரிசோதனையில் கூடும் கிரியேட்டினினும் உப்பு, கருவுற்ற பெண்ணின் சிறுநீரில் தென்படும் புரதமும் உப்பு. ஒரே சொல்லைக் கேட்டு மூன்று குடும்பங்கள் மூன்று விதமாகப் பத்தியம் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

‘சமநிலையின்மை’ என்பதில் உள்ள குறை இதனினும் பெரிது. எந்த அயனி, எந்தத் திசையில் என்ற இரண்டையும் அது மறைத்துவிடுகிறது. அவசரப் பிரிவில் தெரிய வேண்டியவையோ அந்த இரண்டும்தான். எனவே பொதுச்சொல்லுக்குக் கீழே ‘குருதிப் பொட்டாசிய மிகை’, ‘குருதிப் பொட்டாசியக் குறை’ என்ற அமைப்பில் ஒவ்வோர் அயனிக்கும் இரண்டு சொற்கள் வேண்டும். ‘ஹைப்பர்கலீமியா’, ‘ஹைப்போகலீமியா’ ஆகியவற்றை ஒலிபெயர்த்து வைத்துக்கொள்ளலாம் என்போருக்கு ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். இரைச்சல் மிகுந்த ஓர் இரவில் ஆய்வகத்திலிருந்து தொலைபேசியில் நோயின் பெயர் மட்டும் வந்தது. எண்ணைக் கேட்டு வாங்கவில்லை. ‘ஹைப்பர்’ என்று அங்கே சொன்னது இங்கே ‘ஹைப்போ’ என்று காதில் விழுந்தது. இளம் மருத்துவர் பொட்டாசியம் குளோரைடு சொட்டுக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தபோது இதய மின்வரைவுத் தாள் என் கைக்கு வந்தது. டி அலைகள் கூடாரம்போல் கூர்த்து எழுந்திருந்தன, பி அலையைக் காணவில்லை, கியூஆர்எஸ் அகலத் தொடங்கியிருந்தது; மூன்றும் பொட்டாசியம் மிகுந்திருப்பதன் அடையாளங்கள். சொட்டைத் தொடங்கவிடாமல் நிறுத்தினோம். மிகை, குறை என்ற சொற்கள் எவ்வளவு இரைச்சலிலும் ஒன்றாகக் கேட்கமாட்டா.

அன்று செய்த சிகிச்சைக்கும் பெயர் வேண்டும். முதலில் 10 விழுக்காட்டுக் கால்சியம் குளுக்கோனேட்டைச் சிரை வழியே தந்தோம். அது பொட்டாசியத்தைச் சிறிதும் குறைப்பதில்லை, சில நிமிடங்களில் இதயத்தசையை நிலைப்படுத்தி அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை அவகாசம் தருகிறது. அடுத்து, குளுக்கோசுடன் 10 அலகு இன்சுலினும் நுண்துளிப் புகையாகச் சால்பியூட்டமால் மருந்தும் பொட்டாசியத்தை உயிரணுக்களுக்குள் தள்ளின. உடலை விட்டு அதை அகற்றியது டயாலிசிஸ்தான். இம்மூன்றையும் ‘சரிசெய்தல்’ என்ற ஒரே சொல்லால் மொழிபெயர்த்தால், கால்சியம் தந்ததோடு வேலை முடிந்தது என்று படிப்பவர் எண்ணிவிடுவார். ஆகவே ‘இதயக் காப்பு’, ‘உள்நகர்த்தல்’, ‘வெளியேற்றல்’ என்று தனித்தனியே எழுதுவோம்.

சோடியத்தைப் பொறுத்தவரை இன்னோர் எச்சரிக்கை தேவை. வரைவில் ‘சோடியக் குறைபாடு’ என்று உள்ளது. குறைபாடு என்றால் உடலில் அந்தப் பொருளே போதவில்லை என்று பொருள்படும். இயல்பளவான லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோலுக்குக் கீழே சோடியம் இறங்குவதோ பெரும்பாலும் உடலில் நீர் மிகுந்து குருதி நீர்த்துப்போவதால். அந்த நோயாளிகள் பலருக்கு வேண்டியது நீரைக் கட்டுப்படுத்துவதே. வலிப்போ நினைவிழப்போ வந்தால் மட்டும் 3 விழுக்காட்டு உப்புக் கரைசலை 100 முதல் 150 மி.லி. வரை விரைவாக ஏற்றுகிறோம். அப்போதும் 24 மணி நேரத்தில் சோடியத்தை லிட்டருக்கு 8 முதல் 10 மில்லிமோலுக்கு மேல் உயரவிடுவதில்லை, விட்டால் மூளைத்தண்டு நரம்புகளின் மயலின் உறை சிதையலாம். ‘குறைபாடு’ என்ற சொல்லோ நிரப்பச் சொல்லித் தூண்டுகிறது. ‘குறை’ அளவை மட்டும் சொல்லிக் காரணத்தை மருத்துவரின் ஆய்வுக்கு விட்டுவிடுகிறது.

இவ்வமைப்பு விரிவுக்கும் இடம் தருகிறது. ஊசி வழியே எடுத்த குருதியில் செவ்வணுக்கள் சிதைந்ததால் பொட்டாசியம் கூடியதாகத் தோன்றினால், அது ‘போலிப் பொட்டாசிய மிகை’. மக்னீசியத்தை நிரப்பாதவரை பொட்டாசியக் குறை அடங்காமல் நிற்பது உண்டு; அதற்கு ‘மக்னீசியம் சார்ந்த பொட்டாசியக் குறை’ எனலாம்.

கால்சியத்தில்தான் எனக்கு இன்னும் தெளிவு வரவில்லை. குருதியில் அதன் ஒரு பகுதி ஆல்புமின் என்ற புரதத்தோடு பிணைந்தும் மற்றொரு பகுதி தனி அயனியாகவும் உள்ளது. தசை இறுக்கத்தையும் இதயத் துடிப்பையும் பாதிப்பது தனி அயனியே. ஆல்புமின் குறைந்தவருக்கு மொத்த அளவு குறைந்தும் அயனி அளவு இயல்பாகவே இருக்கக்கூடும். முதலாவதை ‘மொத்தக் கால்சியம்’ என்கிறேன். இரண்டாவதற்கு ‘அயனிக் கால்சியம்’, ‘தனிக் கால்சியம்’ ஆகிய இரண்டில் எது தகும் என்பதில் வேதியியல் அறிந்த நண்பர்களின் கருத்தை வேண்டுகிறேன்.